பழைய பெட்டியும் ஆயிரம் ஃபாண்ட்டும்

என் மருமகள் குணசுந்தரியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவளே டைப் அடிக்கிறாள். நடுநடுவே நிறுத்தி, "அத்தை, இது வேணாமே" என்கிறாள். வேணும் என்கிறேன். அவளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கூட இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். சுனாமிக்கு மறு வருஷம் எங்கிருந்தோ ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். மீனவப் பெண்களுக்குத் தொழில் கற்றுத்தருகிறோம் என்று சமுதாயக் கூடத்தில் மூன்று கம்ப்யூட்டர்களை இறக்கினார்கள். மூன்றும் ஏதோ ஓர் ஆபீசில் உழைத்து ஓய்ந்த பெட்டிகள். பதினாலு பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். ஆறு மாதம் முடியும்போது மிச்சம் இருந்தது இவள் ஒருத்திதான். நிறுவனத்தார் கிளம்புவதற்குள் இரண்டு பெட்டி செத்துப்போயிருந்தது. மூன்றாவதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் இழுத்தார்கள்.

"பேசுங்க. நானும் வர்றேன். கடேசி நாள் வரைக்கும் கூடத்துக்கு வந்தது யாருன்னு அங்க கேளுங்க" என்றாள்.

எடுத்துக்கொள் என்றார்கள். சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடை தூக்கிய தலைக்கு அது ஒரு சுமையா?

அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் அச்சகம் வைத்திருக்கும் மணவாளனைப் போய்ப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று அவர் கொடுக்கிற வேலையை வீட்டிலேயே டைப் அடித்து, பக்கம் அமைத்துக் கொடுப்பாள். மூன்று வருஷம் அப்படித்தான் ஓடியது. எங்கள் தெருவில் கடலையும் மீனையும் நம்பாமல் கையில் ஒரு வேலை வைத்திருந்த பெண் இவள் ஒருத்திதான்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தில் அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. கல்யாண மாதம். பத்திரிகை குவிகிறது. பெட்டி மட்டும் திறக்கமாட்டேன் என்கிறது. திறக்காமல் இல்லை, திறக்கும். பேஜ்மேக்கர் என்று ஒன்று வைத்திருக்கிறாள், அதில்தான் பத்திரிகை போடுவது. அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தால், திறப்பதற்குள் நான் நாற்பது மத்தி மீன் ஆய்ந்துவிடுவேன். என் கை மெதுவான கை இல்லை. கரண்டு வேறு போய்ப் போய் வரும். வரும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து நாற்பது மத்தி.

ஒரு திங்கட்கிழமை மணவாளனே வாசலுக்கு வந்துவிட்டார்.

"குணா, உன் வேலையில குத்தம் சொல்லமாட்டேன். ஆனா பார்ட்டிய கடையில உக்காரவச்சிட்டு உனக்குப் போன் போட்டா, 'தெறந்துக்கினு இருக்குண்ணே'ன்ற. அவன் ரெண்டு டீ குடிச்சிட்டு எழுந்து போயிடறான். வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படித்தான்னா, ஸ்டேஷன் பக்கத்துல புதுசா ஒருத்தன் தெறந்திருக்கான், அவன்கிட்ட மொத்தமா குடுத்துடுவேன்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் என் வேலை என்கிட்டயே இருக்கட்டுண்ணே" என்றாள் இவள்.

என் மகன் சடையப்பன் வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்காமலே சொன்னான்: "வுட்டுத் தொல குணா. ஐஸ் கம்பெனியில எறா உரிக்க ஆள் கேக்கறாங்க."

"நீங்க போங்க மாமா. உங்களுக்கும் வெரலு பத்து இருக்கே."

பெற்றவள் என்று பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் உத்திராபதி வந்தான். திருகைக் கழற்றி மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு பிடி மணல். ஊதித் துடைத்தான். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தட்டினான். அதே நாற்பது.

"வயசாயிடுச்சிக்கா. ரேம் ஏத்தலாம்னா இந்த ரகம் இப்ப கெடைக்கிறதே இல்ல. காயலாங்கடையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, என்னைப் பாத்தும் அப்டித்தான் சொல்லுவியா?"

"ஐயோ ஆயா, உன்னை யாரு சொன்னா?"

குணசுந்தரி அவனை விடவில்லை. "வயசாயிடுச்சின்னா எல்லாந்தான மெதுவா தெறக்கணும்? இவுரு சீட்டு வெளையாடறாரே, அது தட்டுனதும் தெறக்குது. கால்குலேட்டரும் தெறக்குது. பேஜ்மேக்கரும் வேர்டும் மட்டும் ஏன் நிக்குது?"

"அதெல்லாம் பெரிய ப்ரோகிராம்க்கா."

"மூணு வருசத்துக்கு முன்னாடியும் அதே ப்ரோகிராம், அதே பெட்டி. அப்ப தெறந்துச்சே?"

அவன் தலையைச் சொறிந்தான். "வேணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டுத் தர்றேன்."

"என்னான்னு தெரியாம அழிக்கிறதுக்கு நீ எதுக்கு?" என்று அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் சமைக்கவில்லை, தலை சீவவில்லை. பெட்டியும் அதே, ப்ரோகிராமும் அதே என்றால் மூன்று வருஷத்தில் உள்ளே புதிதாக வந்தது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். திரையில் ஏதோ ஒரு பட்டியல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. முடியவில்லை.

"இதெல்லாம் ஃபாண்ட்டு அத்தை. ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு இருக்கு."

ஃபாண்ட் என்றால் எழுத்தின் சாயல். ஒரே 'அ' கொழுத்திருக்கும், மெலிந்திருக்கும், சாய்ந்திருக்கும். தமிழில் அச்சகத்துக்கு ஒரு ஜாதி ஃபாண்ட். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பெட்டியில் திறந்தால், அந்த ஃபாண்ட் அங்கே இல்லாவிட்டால் தமிழ் வராது. கோணல்மாணலாகக் குறிகள் வரும். அதனால் வேலை கொடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு சிடியை நீட்டி, "எல்லாத்தையும் ஏத்தி வச்சிக்க, எப்பவாச்சும் உதவும்" என்பார்கள். இவளும் ஏற்றுவாள். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தானாம். ஏற்றியதை இறக்குவது கிடையாது.

இறக்காததற்கு இவளுக்கு வேறு காரணமும் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு முறை, இது தேவையில்லை என்று ஒரு ஃபாண்ட்டை அழித்துவிட்டாள். அந்த எழுத்தில் அடித்த கண்ணீர் அஞ்சலி ஒன்று இருந்திருக்கிறது. செத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோழி கீறின மாதிரி ஏதோ விழுந்து, இருநூறு போஸ்டர் அடித்தும் விட்டார்கள். அவருடைய மூன்று பிள்ளைகளும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து ஒரு ஃபாண்ட்டையும் தொட்டதில்லை.

"சீட்டாட்டத்துக்கு எழுத்து வேணாம். அதான் தெறக்குது" என்றாள். "பேஜ்மேக்கரும் வேர்டும் தெறக்கறதுக்கு முன்னாடி இத்தினி பேரையும் கூப்ட்டு, இருக்கியா இருக்கியான்னு கேட்டுட்டு வருதுபோல."

"அப்ப எடுத்துப் போடு."

கை மவுஸின் மேல் இருந்தது. நகரவில்லை. "அந்த மூணு பேரு மொகம் வருது அத்தை."

"வரட்டும். அழிக்காத, ஒதுக்கி வையி. அழிச்சாத்தான தப்பு?"

யோசித்தாள். முதலில் ஆயிரத்துச் சொச்சத்தையும் பெட்டிக்குள்ளேயே தனியாக ஓரிடத்தில் நகல் எடுத்து வைத்தாள். பிறகு இருந்த இடத்திலிருந்து நூறு நூறாக இறக்கினாள். ஒவ்வொரு முறையும் பேஜ்மேக்கரை மூடித் திறந்தாள். கதவோரம் நான் மத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தினி அத்தை?"

"முப்பத்தாறு."

இன்னொரு நூறு. "இப்ப?"

"முப்பத்திரண்டு. எறங்குதுடி!"

பத்து மணிக்குக் கரண்டு போனது. பன்னிரண்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பித்தோம். அறுபது ஃபாண்ட் மிச்சம் இருக்கும்போது நான் மூன்றாவது மீனில் இருந்தேன், அதற்குள் திறந்துவிட்டது. நாங்கள் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த சடையப்பன் எழுந்து ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒதுக்குனதுல ஒண்ண நாளைக்கி எவனாச்சும் கேட்டா?" என்றான்.

"கேட்டா அதை மட்டும் கூப்ட்டுக்குவேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மணவாளன் வந்தார். கூடவே சிதம்பரத்திலிருந்து கண்ணாயிரம் என்று ஒரு பார்ட்டி. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருந்தது.

"வீட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியலம்மா" என்றார் கண்ணாயிரம். "சீக்கிரம் போட்டுக் குடு. இவுரு காலையில ஒரு கட்டு வேலைய ஸ்டேஷன் கடையில குடுத்துட்டு, என்னை இங்க இட்டாந்தாரு. அங்கயே போட்டிருக்கலாம்."

மணவாளன் சுவரைப் பார்த்தார். குணசுந்தரி பேஜ்மேக்கரைத் தட்டினாள். மூச்சு விடுவதற்குள் திறந்தது. மணவாளன் குனிந்து பார்த்தார். "அட! புதுப் பெட்டியா?"

அவர் கொண்டுவந்த ஃபைலைத் திறந்தாள். உடனே திறந்தது. திறந்தால் தமிழே இல்லை. மணமகள் பெயரிலிருந்து முகூர்த்த நேரம் வரை கோணல் குறி.

"பாத்தியா! வேகமா தெறக்கணும்னு ஃபாண்ட்ட அழிச்சிட்டியா?" என்று மணவாளன் குரலை உயர்த்தினார். கண்ணாயிரம் தலையில் கை வைத்தார். எடுத்துப் போடு என்று சொன்னவள் நானல்லவா!

குணசுந்தரியின் காது மடல் சிவந்திருந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை. "அழிக்கலண்ணே. கொஞ்சம் உக்காருங்க."

எந்த ஃபாண்ட் இல்லை என்று திரையே பெயர் காட்டியதாம். மூடினாள். ஒதுக்கி வைத்ததிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டாள். மறுபடி திறந்தாள். முத்து முத்தாகத் தமிழ் வந்தது. இவ்வளவும் சேர்த்து, பழைய நாற்பது மத்தியில் பாதிகூட ஆய்ந்திருக்க முடியாது.

"மாமன் பேர ரெண்டாவது வரிசையில போடும்மா" என்றார் கண்ணாயிரம்.

"மொத வரிசையில போட்டுடறேன் ஐயா. ரெண்டாவதுல போட்டா அடுத்த வாரமும் நீங்க வரணும்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். பென் டிரைவில் வாங்கிக்கொண்டு மணவாளன் எழுந்தார். "சரி குணா. திங்கக்கெழமலேர்ந்து வழக்கம்போல உனக்கே குடுத்துடறேன்."

"திங்கக்கெழம எதுக்கு? வெள்ளிக்கெழம வரைக்கும்னு சொன்னது நீங்க. இன்னும் பொழுது சாயல. காலையில அங்க குடுத்த கட்டு என் கட்டு. போயி வாங்கிக்கினு வாங்க."

"அவன் ஆரம்பிச்சிருப்பாம்மா."

"ஆரம்பிச்சிருந்தா எத்தினி முடிச்சான்னு கேளுங்க. இன்னொண்ணு. இனிமே முழு சிடியும் ஏத்தமாட்டேன். பத்திரிகையில எந்த ஃபாண்ட்டு இருக்கோ அதை மட்டும் குடுங்க."

மணவாளன் என்னைப் பார்த்தார், பெரியவள் ஏதாவது சொல்வேன் என்று. "அவ சொல்றது சரிதான தம்பி?" என்றேன்.

மூன்று மணிக்கு வெயிலில் திரும்பி வந்தார். கையில் கட்டு இருந்தது. குணசுந்தரி திரையைவிட்டுத் திரும்பாமல், "வச்சிட்டு உக்காருங்கண்ணே" என்றாள். தண்ணீர் கொடுத்தது நான்தான். கட்டுக்குள் பதினொரு பத்திரிகை. ஸ்டேஷன் கடைக்காரன் ஒன்றுகூடத் தொடவில்லை. ஆறு மணிக்குக் கரண்டு போவதற்குள் இவள் நாலு முடித்திருந்தாள்.