பாஸ் ஆனீர்களா என்று ஒருத்தி கேட்கிறாள்

"எப்போதாவது…" என்று ஆரம்பிக்கும் கேள்விகளைக் கண்டாலே எனக்குப் பயம். அதுவும் கேட்பது அரசாங்கம் என்றால்?

போன சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் எங்கள் வீட்டு டைனிங் டேபிள். தோசைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அமெரிக்கக் குடியுரிமைக்கான ஃபாரத்தைப் பரப்பி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இந்த நாட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியாயிற்று, க்ரீன் கார்டு வந்தும் ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இனி எதற்கு இழுத்துக்கொண்டு என்று ஒரு வழியாக முடிவு செய்திருந்தோம்.

வீட்டுக்காரர் பாஸ்கரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. மாத்திரை நல்ல மாத்திரையா என்பதைவிட, நல்ல மாத்திரை என்று யார், என்றைக்கு, எந்த நிறப் பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். "எழுதலைன்னா நடக்கலை." இது அவர் ஆபீஸில் வேதவாக்கு. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் சாம்பார் டப்பா மேல்கூட தேதி ஒட்டியிருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஃபாரத்தில் இருந்த கேள்வி இதுதான். நீங்கள் எப்போதாவது, எந்த நாட்டிலாவது, ஏதாவதொரு சங்கத்தில், கட்சியில், கிளப்பில் உறுப்பினராக இருந்ததுண்டா? தொடர்பாவது உண்டா? ஒன்று விடாமல் எழுதவும்… எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது உட்பட.

தமிழ்ச் சங்கம், எழுதினோம். கோயில் பொங்கல் கமிட்டி, எழுதினோம். மகள் படித்த ஸ்கூலின் பெற்றோர் சங்கம், அதுவும் ஆயிற்று. முருங்கைக்காய் பெட்டியாக வாங்கிப் பிரித்துக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, அது சங்கமா இல்லையா? இதற்குப் பத்து நிமிஷம் விவாதம்.

பிறகு நான் சொன்னேன், இன்னொன்று இருக்கிறது என்று. அவர் பேனா அப்படியே நின்றது.

போன வருஷம் வசந்த காலத்தில், யூனிவர்சிட்டியில் படிக்கும் என் மகள் வர்ஷினி ஒரு லைப்ரரி கூட்டத்துக்கு என்னை இழுத்துப் போனாள். போகிற வழியில் இந்தியக் கடையில் நிறுத்துகிறேன் என்றாள். கொத்தமல்லிக்கு ஆசைப்பட்டுப் போனவள்தான் நான். மேலே எதுவும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

பாலஸ்தீனக் கைதிகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு அது. யார் எந்த ஜெயிலில் இருக்கிறார்கள் என்று பட்டியல் வைப்பது, வக்கீலை அனுப்புவது, வீட்டுக்குத் தகவல் சொல்வது… இதுதான் வேலை. குற்றமே சொல்லாமல், விசாரணையே இல்லாமல், ஆறு மாதம் ஆறு மாதமாக நீட்டிக்கிற காவல் அங்கே உண்டாம். நம் ஊரில் ஒருத்தர் மேல் குண்டாஸ் போட்டால் அந்த வீடு எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது முடியாமல் நீண்டுகொண்டே போனால்?

கைதிகளுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அரசியல் கூடாது, வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, உங்கள் அன்றாட வாழ்க்கையை எழுதுங்கள் போதும் என்றார்கள். எனக்குக் கிடைத்தது ரீமா என்று ஒரு பெண். நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தவள். வயது என் மகளைவிட இரண்டு கூடுதல்.

என்ன எழுதுவது? என் அன்றாட வாழ்க்கையில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. டிரைவிங் டெஸ்ட்!

இருபது வருஷம் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவள், ஐம்பது தாண்டிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து, மூன்று முறை ஃபெயிலாகி, மூன்று முறையும் இதே பக்கத்தில் உங்களிடம் புலம்பியிருக்கிறேன். அந்தக் கதையை அப்படியே அவளுக்கும் எழுதினேன். பேரலல் பார்க்கிங்கில், எல்லைக்கு அடையாளமாகப் பின்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பின் மேல் ஏறி இறங்கியது, பாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்துவது, இறங்கும்போது அவர் மூஞ்சி போகிற போக்கு, எல்லாம். முடித்துவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஜெயிலில் இருக்கிற பெண்ணிடம் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அழுகிறேனே, எனக்குப் புத்தி இருக்கிறதா?

கிளம்பும்போது வாசலில் ஒரு நோட்டை நீட்டினார்கள். நம் ஆட்களிடம் யாராவது நோட்டை நீட்டினால் சும்மா வருவோமா? பெயர், அட்ரஸ், போன், ஈமெயில் என எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். "கடிதக் குழுவில் உறுப்பினராகச் சம்மதம்" என்ற கட்டத்திலும் ஒரு டிக். கட்டம் காலியாக இருந்தால் பாவமாக இருக்கிறது எனக்கு.

சில மாதம் கழித்து ஒரு காலை, காபி குடித்துக்கொண்டே நியூஸ் பார்க்கிறேன். அந்த அமைப்பை அமெரிக்க அரசாங்கம் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அவர்கள் ஊரில் ஏற்கெனவே தடை. இப்போது இங்கேயும். தடைசெய்யப்பட்ட வேறோர் இயக்கம் அதன் பின்னால் இருக்கிறது என்கிறது அரசாங்கம். இல்லவே இல்லை, நாங்கள் கைதிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்கிறது அமைப்பு. கொத்தமல்லி வாங்கப் போனவளுக்கு இதில் எது நிஜம் என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு நோட்டு இருக்கிறது, அதில் என் அட்ரஸ் இருக்கிறது. அபார்ட்மென்ட் நம்பர் உள்பட.

மறுபடி சனிக்கிழமைக்கு வருகிறேன். வாராவாரம் அழுக்குத் துணி மூட்டையோடு வரும் வர்ஷினி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாஸ்கர் மெதுவாகத்தான் பேசினார். அவர் சத்தம் போட்டால்கூட எனக்குப் பழக்கம். மெதுவாகப் பேசினால்தான் பயம். ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு லெட்டர், அதற்குப் பெயர் உறுப்பினரா என்றார். இருபது வருஷ உழைப்பை ஒரு வரியில் கொண்டுபோய் வைக்கப் போகிறாயா என்றார். என் ஃபாரத்தைத் தனியாக ஓர் ஆபீசர் எடுத்து வைத்தால் தன் ஃபாரத்தையும் சேர்த்துத்தான் புரட்டுவார் என்றார். எல்லாம் நியாயம்தானே?

கடைசியாகத்தான் அந்த வேதவாக்கு வந்தது. "விட்டுடு. எழுதலைன்னா நடக்கலை."

"தட்ஸ் லைட்டரலி நாட் ஹவ் இட் வொர்க்ஸ், அப்பா," என்றாள் வர்ஷினி, துணியை உதறிக்கொண்டே. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, ஐ டுக் யூ தேர். இஃப் யூ வான்ட் டு லீவ் இட் அவுட், ஐ வோன்ட் ஜட்ஜ் யூ," என்றாள்.

ஜட்ஜ் பண்ண மாட்டாளாம். இதைவிட அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

வெட்கத்தோடு சொல்கிறேன்… சரி, விட்டுவிடலாம் என்றேன். ஆமாம், நான்தான். வாராவாரம் இங்கே உட்கார்ந்து உங்களுக்கு நியாயம் பேசுகிற அதே ஆள்தான்.

விடுவது என்று ஆன பிறகு அரைகுறையாக விடலாமா? அந்த அமைப்பிடமிருந்து வந்த ஈமெயில் ஏதாவது இருந்தால் அழித்துவிடு என்றார் பாஸ்கர். போனை எடுத்தேன். அமைப்பின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஐந்தாறு மெயில் வந்து நின்றது. ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் ஒன்று மட்டும் கறுப்பாக, திறக்கப்படாமல் கிடந்தது. புடவைக் கடைத் தள்ளுபடியும் பீட்ஸா கூப்பனும் போய்ச் சேருகிற மூலையில் அதுவும் போய் விழுந்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன். தடை வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தது.

ரீமாவின் பதில்.

வக்கீல் அவளைப் பார்க்கப் போனபோது அவள் வாயால் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து, யாரோ ஆங்கிலத்தில் டைப் செய்திருக்கிறார்கள். நான்கே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உங்கள் கடிதத்தை வக்கீல் படித்துக் காட்டினார். நான் அறைக்குத் திரும்பி எல்லோருக்கும் அதை நடித்துக் காட்டினேன். இங்கே இப்போது யாராவது வேகமாக நடந்தால் நாங்கள் 'பிரேக், பிரேக்' என்று கத்துகிறோம். நாலாவது தடவை பாஸ் ஆனீர்களா? எல்லோரும் கேட்கிறார்கள்."

எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! நான் பீட்ஸா கூப்பனுக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறேன்.

அழுதேன் என்று எழுதினால் இவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை என்பீர்கள். அழுதேன். போங்கள்.

போனை பாஸ்கரிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என் மானம் அங்க வரைக்கும் போயிருக்கு," என்றார்.

நான் ஃபாரத்தை என் பக்கம் இழுத்து, முருங்கைக்காய் குரூப்புக்குக் கீழே, அந்த அமைப்பின் பெயரை எழுத ஆரம்பித்தேன். பெயரை முடித்து மாதத்தையும் போட்டேன். தடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் ஃபாரத்தை வாங்கி, "ஏப்ரல் இல்ல, மார்ச். அன்னிக்கு நீ கொத்தமல்லி வாங்கிட்டு வந்த. டப்பா மேல டேட் போட்டது நான்தான்," என்றார். அடித்துவிட்டு, பக்கத்தில் தன் குண்டு எழுத்தில் சரியாக எழுதினார்.

பேனாவை மூடும்போது, யாரிடமோ சொல்கிற மாதிரி முணுமுணுத்தார். "எழுதாம விட்டா, அந்தப் பொண்ணு கேட்கவே இல்லைன்னு ஆயிடும்."

செவ்வாய்க்கிழமை இமிக்ரேஷன் வக்கீலம்மாவிடம் பேசினோம். பொய் சொல்லி மாட்டுவதுதான் பெரிய ஆபத்து என்றார். உண்மையை எழுதினால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். அப்படி என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். அப்படியே அனுப்பினோம். இனி காத்திருக்க வேண்டும். லெட்டர் பாக்ஸை ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்து பார்க்கிறேன். கறிவேப்பிலை தாளிக்கிற சத்தத்தில்கூடத் திடுக்கிடுகிறேன். இதுவா வாழ்க்கை என்று பாஸ்கரை முறைக்கிறேன். அவர் என்ன செய்வார், பாவம்.

ஆனால் நிஜமாக என்னைக் குடைவது ஃபாரம் இல்லை.

அவளுக்குப் பதில் போட வேண்டுமே? அந்த அமைப்பின் வழியாக ஒரு வரிகூட அனுப்பாதீர்கள் என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில் அனுப்பலாமென்றால், அவள் இப்போது எந்த ஜெயிலில் இருக்கிறாள் என்று யாரிடம் கேட்பது? வெளியே வந்துவிட்டாளா? இன்னோர் ஆறு மாதம் போட்டுவிட்டார்களா? இதையெல்லாம் எழுதி வைத்திருந்தவர்கள்தான் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள். கைதிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டால் கைதிகள் குறைந்துவிடுவார்களா என்ன? நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அங்கே ஓர் அறையில் சில பெண்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஏழு சமுத்திரம் தாண்டி ஒரு மாமி காரை நிறுத்தினாளா இல்லையா என்று.

நம் பத்தி அவள் கைக்குப் போகாது. போனாலும் அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

பாஸ் பண்ணிட்டேன், ரீமா. நாலாவது தடவையில்… கூம்பு ஒன்றுகூட விழவில்லை.