ஒன்று புள்ளி ஏழு

சுகிர்தா ரத்தம் எடுத்தால் வலிக்காது என்று காரைக்காலில் ஒரு பேச்சு உண்டு. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் முடிந்ததும் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வரும் பெண்கள், லேபுக்குள் தலையை நீட்டி, "அந்தப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அவள் லீவு என்றால் அவர்களுடைய சர்க்கரையும் அன்றைக்கு லீவு. முப்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்த சொத்து அந்தக் கைதான்.

திங்கட்கிழமை காலையில், லேப் திறப்பதற்கு முன், அந்தக் கை யாருக்கு ஊசி குத்துகிறது என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இடது கையில் கட்டிக்கொண்டு, தனக்குத் தானே ரத்தம் எடுப்பாள். குழாயை மெஷினில் வைத்தால் ஒரு நிமிடத்தில் எல்லா எண்களும் வந்துவிடும். அவள் பார்ப்பது இரண்டை மட்டும்: நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்போசைட் எத்தனை சதவீதம். இரண்டும் வெள்ளை அணுக்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, விடை இரண்டரைக்குள் இருந்தால் அந்த வாரத்துக்கு நிம்மதி.

மூன்று வருடத்துக்கு முன் இடது கண் திடீரென்று மங்கியது. புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையை அரித்துவிடும் நோய். நெடுங்காட்டில் விவசாயம் பார்க்கும் அண்ணன் சோமசேகரனிடம் அவள் இதை ஒரு மணி நேரம் விளக்கினாள். "நரம்புத் தளர்ச்சி" என்று அவர் முடித்துவிட்டார். அண்ணி ஒரு பை நிறைய முடக்கத்தான் கீரை கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு சுகிர்தா யாருக்கும் விளக்கவில்லை. கோட்டுச்சேரியில் வாடகை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று இருந்துகொண்டாள்.

உடம்புக்குள் வீக்கம் கூடினால் இந்த விகிதமும் கூடுவதாக ஆராய்ச்சிகள் சொல்வதை அவள் போனில் படித்திருந்தாள். ஆவலோடு புதுச்சேரி டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"அது நூத்துக்கணக்கான பேரைச் சேர்த்து வச்சுப் பார்த்தா தெரியற விஷயங்க. உங்க ஒருத்தர் ரத்தத்துல அதை வச்சு ஜோசியம் பார்க்காதீங்க. பல்வலி வந்தாலும் ஏறும். கை காலு என்ன சொல்லுதுன்னு பாருங்க. மரத்துப்போனா அன்னைக்கே வாங்க."

சுகிர்தா நன்றாகத் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போன ஐப்பசியில் விகிதம் ஐந்து புள்ளி இரண்டுக்குப் போனது. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் கடைவாய்ப்பல் சீழ் வைத்து வீங்கியபோதுதான் காரணம் தெரிந்தது. அப்போதும் புத்தி வரவில்லை. லேபில் வேலை செய்கிறவளுக்கு ஆளை விட மெஷின் மேல்தான் நம்பிக்கை.

உண்மையைச் சொன்னால், அவள் நோய்க்குக் கூட அவ்வளவு பயப்படவில்லை. முதல் தடவை ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றப் புதுச்சேரி ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தபோது, "அட்டெண்டர் யாரு?" என்று, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளைக் கேட்டார்கள். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டாள். அண்ணனோ நாற்றங்காலில் நின்றார். வாசலிலிருந்து நர்ஸ், "சுகிர்தா அட்டெண்டர்!" என்று கூப்பிடும்போதெல்லாம், டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவளே இறங்கிப் போவாள். "அண்ணன் டீ குடிக்கப் போயிருக்காருங்க." நான்காம் நாள் பக்கத்துக் கட்டில்காரி, "உங்க அண்ணன் டீக்கடையே வச்சுட்டாரா?" என்றாள். வார்டே சிரித்தது. சுகிர்தாவும் சிரித்தாள். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். அந்தக் கேள்விக்கு இன்னொரு முறை பதில் சொல்லாமல் இருக்க என்ன வேண்டுமானாலும் செய்வாள். விகிதம் குறைவாக இருக்கும்வரை போகத் தேவையில்லை அல்லவா?

இந்த மாசியில் ஒரு சனிக்கிழமை, வலது கையில் மூன்று விரல்கள் மரத்தன. திங்கள் காலை பதைப்போடு பார்த்தாள். ஐம்பத்தாறு, முப்பத்து மூன்று. ஒன்று புள்ளி ஏழு. "ஒண்ணுமில்ல" என்று விரல்களிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

முதலில் வந்தது காரைக்கால்மேடு காசியம்மா. மாதாமாதம் வருகிறவள். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ரத்தம் வந்தது. சுகிர்தா குழாயைத் திருப்பி லேபிள் ஒட்டப் போனாள்.

"பாப்பா, குழா கீழ வுழுந்துடுச்சு. ஒனக்குத் தெரியலியா?"

சுகிர்தா குனிந்து பார்த்தாள். ரத்தம் தரையில் கிடந்தது. அவளுடைய விரல்கள் இன்னும் குழாயைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

காசியம்மா கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, "ஒடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ ஆளு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்காங்கம்மா."

இன்னொரு டெக்னீசியன் தேவிகா வந்து மறு கையில் எடுத்தாள். காசியம்மா "ஸ்ஸ்" என்று முகம் சுளித்தாள். இத்தனை வருடத்தில் சுகிர்தா அவளிடமிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

மத்தியானம் அண்ணனுக்குப் போன் செய்தாள். பின்னால் அறுப்பு மெஷின் இரைந்தது.

"நாலு நாளாக் காத்துக்கெடந்து இப்பத்தான் மெஷின் வந்துருக்கும்மா. வுட்டா அடுத்த ஊருக்குப் போயிடும். ரெண்டு நாள் பொறுத்துக்க மாட்டியா?"

"சரிண்ணே."

அவர் கெட்டவர் இல்லை. நெல் காத்திருக்காது, அவ்வளவுதான். மூன்று நாள் ஏற்கெனவே போயிருந்தது. அந்த மூன்று நாள் கையில் எவ்வளவைத் தின்றிருக்கும் என்று எந்த மெஷினும் சொல்லாது. அவள் வார்டுக்குப் போன் போட்டாள்.

"வாங்க, பெட் இருக்கு. அட்டெண்டர் யாரு?"

அண்ணன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, தனியான்னு போட்டுக்கிறேன். வாரத்துக்கு நாலு பேர் அப்படித்தான் வர்றாங்க. நைட்டுக்குள்ள வந்துடுங்க."

போனை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதானா? சனிக்கிழமையே போட்டிருக்க வேண்டிய போன். சுகிர்தாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பிறகு அழுகை வந்தது. அறைக்குப் போய் இரண்டு நைட்டி, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள். ஜிப்பை இழுக்க வலது கைக்கு வரவில்லை. வாய் திறந்து கிடந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினாள்.