எனக்குப் பனி ஆகாது

நார்கண்டாவுக்கு இருபதுக்குப் பதினாறு, ஔலிக்கு ஏழு. ஒரு வாரம் உட்கார்ந்து நான் போட்ட மதிப்பெண் அது. இரண்டும் சின்னப் பனிச்சறுக்கு ஊர்கள். முன்னது இமாசலத்தில், பின்னது உத்தராகண்டில். பிப்ரவரியில் குடும்பமாகப் போவதென்று மகள் முடிவு செய்துவிட்டாள். எந்த ஊர் என்பதை மட்டும் என் பொறுப்பில் விட்டிருந்தாள். அந்த ஞாயிறு மாலைக்குள் அறை பதிவு செய்தாக வேண்டும்.

வேலைக்காக வடக்கே வந்து, கட்கியில் ஒரு தொழிற்சாலையில், சரக்கு சரிபார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். உள்ளே எத்தனை என்று எண்ணாமல் ஒரு பெட்டியையும் மூட விட்டதில்லை. இப்போது பெட்டிகள் இல்லை, கண்ணில் படுவதை எண்ணுகிறேன். நிக்டியில் எங்கள் வீட்டுக்கு ஏற அறுபத்தெட்டுப் படிகள். மனைவிக்கு வயதும் அறுபத்தெட்டு, வலது முழங்காலில் வலி வேறு. லிஃப்ட் ஓடாத நாளில் அவளைக் கீழே இறங்க விடமாட்டேன்.

ஔலிக்கு ரிஷிகேஷிலிருந்து ஒரு முழுப் பகல் மலைப்பாதை. நார்கண்டாவுக்குச் சிம்லாவிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம்தான். சிம்லாவில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நார்கண்டாவில் பனி குறைவு. சில வருடம் புல்லே தெரிகிறதாம். அதற்கு மட்டும் ஐந்து மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

ஞாயிறன்று, ஊரின் மறுகோடியான லோஹேகாவிலிருந்து மகளும் பேத்தியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மருமகன் விமானப்படையில் இருக்கிறார். அன்று அவருக்கு ட்யூட்டி. சாப்பிடும்போதே என் பட்டியலை வாசித்தேன். தமிழில் ஹிந்தியைக் கலந்து பேசும் பதினாலு வயதுப் பேத்தி பாதியில் நிறுத்தினாள்.

“தாத்தா, பர்ஃப் கம்மின்னா மார்க் கட் ஆகணும் நா? நீங்க உல்ட்டா குடுத்திருக்கீங்க.”

“பாட்டிக்குப் பனி ஆகாதும்மா. அதுக்குத்தான்.”

“அரே தேவா! ஸ்கீயிங் போற ஜாகால பர்ஃப் வேணாமா?”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியை அப்படியே நிறுத்தினாள். “எனக்குப் பனி ஆகாதுன்னு யாரு சொன்னா?”

“நீதான். நாப்பத்தஞ்சு வருஷமா சொல்றே.”

பொய்யில்லை. கல்யாணமாகி போபோடியில் குடித்தனம் வைத்த முதல் டிசம்பரிலேயே, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, “கதவைச் சாத்துங்க, எனக்குப் பனி ஆகாது” என்றாள். அதன்பிறகு ஒரு டிசம்பர் தவறியதில்லை.

“அது விடியக்காலைல இறங்குற பனிங்க. மூக்கு அடைக்கும், தும்மல் வரும். இது மலைமேல வெள்ளையா கெடக்குற பனி. ரெண்டும் ஒண்ணா?”

“ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே?”

“வார்த்தை ஒண்ணா இருந்தா என்ன? எந்தப் பனின்னு ஒரு தடவை கேட்டீங்களா?”

மகள் சிரித்தாள். “இதுக்குத்தாம்ப்பா ஹிந்தி. ஓஸ் வேற, பர்ஃப் வேற.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் இருந்தபோது மூன்று முறை விடுமுறைப் பயணச் சலுகையில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து மணாலி போனார்கள். மூன்று முறையும் என்னையும் கூப்பிட்டார்கள். ‘வீட்ல பனி ஆகாது’ என்று மறுத்துவிட்டு அவளை ராமேஸ்வரம் கூட்டிப்போனேன். அதை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். “மணாலியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“ஆகாதுங்கிறவகிட்ட என்னத்தக் கேக்குறது?”

“மூணு தடவை ராமேஸ்வரம். மூணு தடவையும் அதே லாட்ஜு, அதே ரூம்பு.”

மகள் கைப்பேசியை எடுத்தாள். “ஔலியே பக்கா பண்ணிடலாம். ஸ்கீயிங் கிளாசுக்கு ரெண்டு பேரு. ஒண்ணு பதினாலு வயசு, இன்னொண்ணு அறுபத்தெட்டு.”

“தப்பாப் போடுறே. உன் வயசு நாப்பத்திமூணு.”

“நான் எங்கப்பா போறேன்? எனக்குப் பயம். அம்மாதான்.”

தண்ணீர் குடித்துவிட்டு, “முழங்காலு?” என்றேன்.

“டாக்டரைக் கேட்டாச்சு” என்றாள் மனைவி. “வர்ற ஜூன்ல ஆபரேஷன் வச்சுக்கலாம்னாரு. அதுக்கப்புறம் இந்த ஆட்டமெல்லாம் கூடாதாம். இப்ப, சின்ன சரிவுல, ஒரு ஆளு கையப் புடிச்சுக்கிட்டு, ஒரு தடவை போலாம்னாரு. காலுக்குப் பலம் வேணும்னு படி ஏறச் சொன்னாரு. மூணு மாசமா ஏறுறேன்.”

“எந்தப் படி?”

“நம்ம படிதான். மத்தியானம் நீங்க தூங்குறப்ப.”

“எத்தனை படி ஏறுவே?”

“நீங்கதான் எண்ணி வச்சிருக்கீங்களே.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பகல் நீளும் மலைப்பாதை, ஆஸ்பத்திரி இல்லாத உயரம், அந்த முழங்கால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஔலிக்கு நான் குறைத்த மதிப்பெண் பதிமூன்று; வேண்டாம் என்று சொல்லக் காரணமும் பதிமூன்று என்னிடம் இருந்தது. ஆனால் ஒரே ஒரு வார்த்தையை நம்பித்தான் மணாலியை மூன்று முறை தட்டிக்கழித்தேன். நாலாவது முறையும் அதைச் செய்ய நா எழவில்லை.

“ஔலின்னே போடு” என்றேன். பேத்தி மேசையைத் தட்டினாள்.

“பூட்ஸ் சைஸ் கேக்குதுப்பா” என்றாள் மகள்.

“அம்மாவுக்கு அஞ்சு” என்று உடனே சொன்னேன். இதாவது எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்குச் செருப்பு வாங்குவது நான்தான்.

“ஆறு” என்று, அதற்குள் எழுந்து போயிருந்த மனைவியின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

“எப்பலேர்ந்து?”

“இவ பொறந்ததுலேர்ந்து. அப்ப வீங்குன காலு, அப்படியே தங்கிடுச்சு.”

“அப்ப நான் வாங்கிட்டு வந்த அஞ்சு?”

“மறுநாளே போய் மாத்திக்குவேன். கடைக்காரருக்குத் தெரியும். உங்களப் பாத்தாலே ஆறு ஒண்ணு எடுத்துத் தனியா வச்சுடுவாராம்.”

நாற்பத்து மூன்று தீபாவளி. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அலமாரியில் இருந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய், அடுப்படியில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். கீழே உட்கார என் முழங்கால்களும் மறுத்தன.

“எந்திரிங்க, பொண்ணு பாக்குறா” என்றாள். நான் நகரவில்லை. புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்து, பாதத்தை நாடாவின்மேல் வைத்தாள்.

“ரெண்டு காலையும் அளங்க” என்றாள். “வலது இன்னும் கொஞ்சம் பெருசு.”