ஓணச் சேலையும் கிராஜுவிட்டியும்

விசாரணை அன்று எர்ணாகுளம் தொழிலாளர் அலுவலகத்தில் இருந்தவர்கள் அதிகாரி, முதலாளியின் வக்கீல், அம்மா, நான். முதலாளி வரவில்லை. அம்மாவோடு சுக்கு தரம் பிரித்த மற்ற பெண்களும் வரவில்லை. பாதிப் பேர் தேனிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேருக்கு இன்னும் அவரிடம் பயம்.

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் அவருடைய சுக்குக் கிடங்கில் அம்மா பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். கிடங்கைப் பழம்பொருள் கடையாக மாற்றியபோது, நாளை முதல் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அப்போது சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அவளுக்கு வரவேண்டிய பணிக்கொடையை, கிராஜுவிட்டியை, முதலாளியிடம் கேட்கப் போனேன்.

"மோனே, நியமப்படி பத்துப் பேர் வேலை செஞ்சாத்தான் அது உண்டு. என்கிட்ட என்னைக்கும் எட்டோ ஒன்பதோதான். ஓணத்துக்கு ஓணம் உங்கம்மைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேனே, அது எந்த நியமத்துல எழுதியிருக்கு?" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் அவரைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் சட்டத் தத்துவ வகுப்பில் பழைய சண்டை. அறத்துக்குப் பொருந்தாத சட்டம் சட்டமே அல்ல என்று ஒரு கட்சி. சட்டம் வேறு, அறம் வேறு என்று இன்னொரு கட்சி. அதுவரை நான் முதல் கட்சி. அன்று எழுந்து மாற்றிப் பேசினேன். "அறம் என்றால் கொடுக்கிறவன் இஷ்டம். மனசு வந்தால் சேலை தருவான். சட்டம் என்றால் நான் கேட்டு வாங்கலாம்."

"இவன்கிட்ட கடன் மட்டும் வாங்கிடாதீங்கடா" என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓணச் சேலை கொடுத்ததும் பெண்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் தான் நின்று படம் எடுப்பார். வருஷத்தையும் 'எங்கள் தொழிலாளிகள்' என்பதையும் பித்தளைத் தகட்டில் பொறித்து, படத்தோடு மாட்டுவார். இப்போது அந்தப் படங்கள் வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதற்காகக் கடைச் சுவரில் தொங்கின. நானும் வாடிக்கையாளனைப் போல நுழைந்தேன்.

"சேட்டா, அது விக்கிறதுக்கில்ல" என்றான் விற்பனைப் பையன்.

"வேண்டாம், பார்த்தா போதும்" என்று எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டேன்.

அம்மா பேரில் மனு போட்டேன். விசாரணையில் முதலாளியின் வக்கீல் பத்துப் பேர் இருந்ததே இல்லை என்றார். படங்களை வைத்தேன். அதிகாரி பேனா முனையால் தலைகளை எண்ணினார். நடுவில் நின்ற முதலாளியை விட்டு எண்ணினாலும் எந்தப் படத்திலும் பத்துக்குக் குறையவில்லை.

"சாரே, இது ஓணக் கொண்டாட்டம். வழியில போனவங்களும் வந்து நின்னிருப்பாங்க" என்றார் வக்கீல்.

"வழியில போனவங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சேலையா?" என்றார் அதிகாரி.

அன்று மாலையே அம்மாவின் போனுக்கு முதலாளி கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

"நல்ல மனசோட செஞ்சதை எனக்கு எதிராவே திருப்புறியே, இது தர்மமா மோனே? முப்பதாயிரம் தர்றேன், விட்டுரு."

அம்மா என் கையைப் பிடித்தாள். "வாங்கிக்கடா. பாவம், வயசான மனுஷன்."

"தர்மத்தைப் பத்தி கிளாஸ்ல கேட்டுச் சொல்றேன், முதலாளி. பணம் முழுசா வேணும்."

அம்மா என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்கு மனசு குளிர்ந்திருந்தது. படங்களைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வெறும் ஆணிகளைப் பார்ப்பதற்காகவே ஒரு தடவை போய்வந்தேன்.

உத்தரவு வந்தது. வக்கீல் பீஸ் நீங்கலாக, வட்டியோடு முதலாளி கட்டியது ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.