தையல் இல்லாத குழாய்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழ்த் தாய்மாரின் பயங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பஸ்ஸில் குண்டு, இராணுவச் சுற்றிவளைப்பு, அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போவது. என் மகள் அந்த வரிசையில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஒழுங்கையில் நிறுத்தினாள். கூரையில்லாத, இரண்டே பேர் இருக்கக்கூடிய, என் வயதை ஒத்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

“மலைநாட்டில ஒரு ரேஸ் இருக்கம்மா. மேட்டில ஏறுற ரேஸ். நான் ஓடப்போறன்.”

“ஓடு. காலால ஓடு.”

இருபத்தைந்து வயதுப் பிள்ளையை அறையில் பூட்டி வைக்க முடியாது. ஆனால் கண்ணை மூடினால் ஒரு வளைவில் அந்தக் கார் குடைசாய்ந்தது. கூரையில்லாத காரில் நிலத்தில் முதலில் படுவது தலைதான். அதைத் தடுப்பதற்கு ஆசனத்துக்குப் பின்னால் இரும்புக் குழாயை வளைத்துப் பூட்டுவார்களாம். ரோல் பார் என்று பெயராம். கார் தலைகீழானால் பாரத்தை அது தாங்கும்.

“சரி, ஓடு. ஆனா அந்தக் குழாயை நான்தான் தெரிவு செய்வன்” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள் நான். உலோகங்கள் எப்படி வளையும், எப்போது முறியும் என்று கரும்பலகையில் எத்தனையோ வரைபுகள் கீறியிருக்கிறேன். இரும்புக் குழாய் மட்டும் வாங்கியதில்லை.

கிராண்ட்பாஸில் ஒரு இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், எல்லா வகையையும் இறக்கிக் காட்டினார். மகள் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் குழாயைத் தடவிக்கொண்டு நின்றாள். அலுமினியத்திலும் ஒரு கண். பாரம் குறைவு, கார் பறக்கும் என்றாள். பறக்கும் என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஆகத் தடித்த தண்ணீர்ப் பைப்பிடம் போனேன். எதைக் கேட்பது என்று தெரியாமல் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துப் பார்த்தேன்.

“என்ன டீச்சர், தேங்காயா வாங்குறீங்க?” என்றார் நானா.

“அம்மா, மானம் போகுது.”

“மானம் போனாப் போகட்டும். தலை இருக்கவேணும்.”

பிறகுதான் ஆய்வுகூட மூளை விழித்தது. ஒவ்வொன்றிலும் விரலளவு துண்டு வெட்டி, மேசையில் பூட்டியிருந்த வைஸ் பிடியில் வைத்து நெரித்துக் காட்டச் சொன்னேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முதல் துண்டு நெரிபட்டதும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. அலுமினியம் மடிந்த இடத்தில் வெடித்தது. தண்ணீர்ப் பைப், தகட்டைச் சுருட்டி ஒட்டிய தையலோரமாக வாயைப் பிளந்தது. பல்கனிக் கம்பிக்கு விற்கும் அந்தப் பளபளப்பு ஒரே சுற்றில் அப்பளமானது. கடைசியாக மூலையிலிருந்து கறுத்துத் துருவேறிய ஒன்றை எடுத்தார். தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு வருவது, தையலே இல்லாதது. அதை நெரிக்க அவரும் மகளும் சேர்ந்து கைப்பிடியில் தொங்கவேண்டியிருந்தது. தட்டையானது, கீறல்கூட விழவில்லை.

“இதுதான்!” என்று நான் போட்ட சத்தத்தில், புடவைக் கடையில் கூறைச் சேலை தெரிவு செய்தவள் போல இருந்திருப்பேன்.

அந்தக் குழாயை இழுத்தபோது மேலிருந்தவை எல்லாம் சரிந்து சீமெந்துத் தரையில் விழுந்தன. என்ன சத்தம்! எதிர்க் கடையின் இரும்புக் கதவு சடாரென்று இறங்கியது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் மேசைக்கடியில் போனார்கள். நாங்கள் மூவரும் கூட, விழுந்தது என்னவென்று கண்ணால் கண்டிருந்தும், நானாவின் மேசைக்கடியில்தான் இருந்தோம். நானா அங்கிருந்தபடியே, “பைப்! பைப்!” என்று தெருவுக்குக் கத்தினார். மகள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

உயரத்துக்கு அளவு எடுத்ததும் நான்தான். மகளைக் காரில் இருத்தி, சட்டை தைக்கும் அளவு நாடாவை உச்சந்தலைவரை பிடித்து, இரண்டு விரல் கூட்டிக் கொடுத்தேன். தெமட்டகொடையில் ஒரு பட்டறையில் குழாய்க்குள் மணலை இறுக்கி, சூடாக்கி, மடிப்பு விழாமல் வளைத்துப் பூட்டினார்கள். ஒரு சந்தனப் பொட்டும் வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவர் வளைவைக் காட்டி, அது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். தமிழர் கையில் இரும்புக் குழாய் என்றால் என்ன நினைப்பார்களோ என்று நான் வழி முழுக்க ஒரு பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

“தண்ணீர்க் குழாய்” என்றேன்.

அதே கணத்தில் மகள், “ரேஸுக்கு” என்றாள்.

சிப்பாய் எங்கள் இருவரையும் பார்த்தார். ஆசனத்துக்குப் பின்னால் கறுப்புப் பூச்சும் சந்தனப் பொட்டுமாக நிமிர்ந்து நின்ற தண்ணீர்க் குழாயையும் பார்த்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, ஒருமுறை உள்ளே ஏறி இருந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

மகள் இறங்கி இடம் விட, ஏறி இருந்தார். துப்பாக்கியை மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். மகளின் உயரம்தான் இருக்கும். அவருடைய இரும்புத் தொப்பி என் குழாய்க்கு மேலே எட்டிப் பார்த்தது.

“ஐயோ!” என்று கத்தினேன். மற்றச் சிப்பாய்கள் திரும்பினார்கள்.

“என்னம்மா?”

“ஹெல்மெட் பிள்ளை! நீ ஹெல்மெட் போடுவாய் எல்லே! நான் வெறுந்தலையை அளந்திட்டன்!”

சாவடியில் வைத்தே அவள் சிரித்த சிரிப்புக்கு எங்களைப் பிடித்து வைத்திருக்கலாம். விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளே கிராண்ட்பாஸ். “டீச்சர், இன்னைக்கும் நெரிக்கணுமா?” என்று நானா வைஸைத் துடைத்துக்கொண்டு நின்றார். அதே தையலில்லாத குழாய். உயரம் கூடியதால் பின்பக்கமாக இரண்டு தாங்குகால்களுக்கும் சேர்த்து வாங்கினோம். இந்த முறை ஹெல்மெட்டோடு அளந்து நாலு விரல் கூட்டினேன்.

ரேஸ் நாளில் மூன்றாம் வளைவுக்குக் கீழே நின்றேன். நான் கண்ணை மூடினால் காண்கிற அதே விதமாக, கண் திறந்திருக்கும்போதே, கார் மண்மேட்டில் ஏறிக் குடைசாய்ந்தது. ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு இன்றுவரை அந்த மலையில்தான் கிடக்கிறது. ஆட்கள் காரைச் சரிக்க, மகள் கைகளை ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தாள். ஹெல்மெட்டில் மண்கூட இல்லை. குழாயின் உச்சியில் கறுப்புப் பூச்சு உரிந்து, உள்ளிரும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “குழாய் வளைஞ்சதோ?”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். “அம்மா, என்னைக் கேக்க மாட்டீங்களோ?”

அப்படியே அந்தச் சேற்றில் இருந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்தாள். அழுகிறோம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.