ஞாயிற்றுக்கிழமை ஓட்டு

எங்கள் அப்பாவும் அத்தையின் வீட்டுக்காரரான மாமாவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை இந்த நாட்டை ஆண்டார்கள். மிச்ச நேரத்தில் அப்பா மில்லில் தறி ஓட்டினார். மாமா சும்மா இருந்தார். சும்மா இருப்பதற்கு அவருக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். எங்கள் மாமா ஒரு சொல்தா. பட்டாளத்தை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் சட்டையை பேண்ட்டுக்குள் சொருகாமல் வாசலைத் தாண்ட மாட்டார். அந்தக் கோலத்தில் அவர் மொபெட்டில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், வசூலுக்கு ஆள் வந்திருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் உண்டு.

பதினோரு மணிக்கு டிவியில் ஒரு நீள மேஜை வரும். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் கோட்டு போட்ட ஒருவர். டெல்லியில் அந்த வாரம் நடந்ததைப் பற்றி நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாராவது ஒருவர் உருப்படியாக ஏதோ சொல்ல வரும்போது, கோட்டுக்காரர் நம்மைப் பார்த்துச் சிரித்து, சின்ன இடைவேளை என்று விடுவார். அடேயப்பா, அதற்குத்தான் எங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. நிகழ்ச்சி ஓடும்போது மூச்சு விடக் கூடாது. விளம்பரம் வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். சட்டம் போட்டவள் அம்மா. ஆரம்பத்தில் இரண்டு பேரும் இஷ்டத்துக்குக் கத்திக்கொண்டிருந்ததில் அவளுக்கு டிவியும் கேட்கவில்லை, குக்கர் விசிலும் கேட்கவில்லை. அதனால் சோப்பு விளம்பரத்தில் அப்பா தொடங்குவார், தலைவலித் தைல விளம்பரத்தில் மாமா திருப்பிக் கொடுப்பார். அப்பா எந்தப் பக்கமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் மாமா. "மே நோன் மச்சான், மே நோன்!" என்று கையை உதறுவார். இல்லவே இல்லை என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார். ஆமாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "விளம்பரம் முடிஞ்சிடிச்சி" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்வார்கள். முடிந்ததும் மாமா கொண்டுவந்த நீள ரொட்டியைப் பிய்த்து, அம்மா வைத்த கறிக்குழம்பில் தோய்த்து, சண்டையே நடக்காத மாதிரி சாப்பிடுவார்கள்.

நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு கேள்வி போடுவார்கள். ஆம் என்றால் ஏ, இல்லை என்றால் பி, எஸ்எம்எஸ் அனுப்புங்கள் என்று. எங்கள் தெருவில் செல்போன் பார்ப்பதே அப்போது அபூர்வம். மாமாவிடம் ஒன்று இருந்தது. கேள்வி வந்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். நாற்காலியை எங்களுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடுவார். இடது கையால் போனை மறைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்து, ஒற்றை விரலால் அழுத்துவார். எட்டிப் பார்க்கப் போனால் திட்டுதான்.

"யாருக்குப் போட்டீங்க மாமா?" என்று கேட்டால், "ஓட்ட வெளிய சொல்லக் கூடாதும்மா" என்பார்.

"ஆமா, இவரு அழுத்தித்தான் அங்க ஆட்சி கவுறப் போவுது" என்று அப்பா கிண்டல் பண்ணுவார். எனக்கு அதில் கிண்டல் இருப்பதே தெரியாது. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் கணக்கில், டெல்லியில் யார் உட்காருவது என்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமாவைப் போல போன் வைத்திருப்பவர்கள்தான் முடிவு செய்தார்கள். போன் இல்லாத அப்பா வயிற்றெரிச்சலில் பேசுகிறார், பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

பாராளுமன்றத் தேர்தல் நெருங்கிய சமயம் அது. அப்பாவின் சர்க்கார் மில்லில் வேலை சரியாக இல்லை. வாரத்தில் பாதி நாள் மில் வாசல் கேட் வரைக்கும் போய், நூல் வரவில்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த ஞாயிறு டிவியில் இருந்த ஒரு ஆள், நஷ்டத்தில் ஓடும் மில்களை அரசாங்கம் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டார். உடனே இடைவேளை விட்டார்கள்.

"அந்தாளு சொல்றதுல என்னா தப்பு மச்சான்?" என்றார் மாமா. "ஓடாத மில்ல எத்தினி நாளைக்கி ஓட்டுவாங்க?"

அப்பா கத்தவில்லை. அதுதான் எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது. "ஒங்களுக்கு என்னா மாமா, பிரான்சுக்காரன் படி அளக்கறான்" என்றார். "ஒங்களுக்கு இங்க ஓட்டே கெடையாது. எங்க நாட்டப் பத்திப் பேச நீங்க யாரு?"

விளம்பரம் முடிந்ததை அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை. மாமா போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார், கேள்விக்காக. அதைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எழுந்து, "வரேம்மா" என்று அம்மாவைப் பார்த்து மட்டும் சொன்னார். "அண்ணே, சாப்ட்டுப் போங்கண்ணே" என்று அம்மா கரண்டியும் கையுமாக வாசல் வரை ஓடினாள். மொபெட் போய்விட்டது. ரொட்டியை அன்றைக்கு யாரும் தொடவில்லை.

"வாய் இருந்தா என்னா வேணா பேசிடறதா?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். "நான் என்னா பொய்யா சொன்னேன்?" என்றார் அப்பா. பொய்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவுக்கா ஓட்டு இல்லை? வாரா வாரம் என் கண் முன்னால் போடுகிறாரே!

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகள் படு மோசம். பதினோரு மணிக்கு மேஜை வந்தது, நாலு பேரும் வந்தார்கள், மாமா வரவில்லை. விளம்பரம் வந்ததும் அப்பா பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்து வாயைத் திறப்பார், பிறகு மூடிக்கொள்வார். ஒருதரம் தாங்க முடியாமல் என்னை அதில் உட்கார வைத்து, "நீ என்னா சொல்ற?" என்று கேட்டார். டிவியில் நீலப் புடவை கட்டிய அந்த அம்மா நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். அப்பா எழுந்து டிவியை நிறுத்திவிட்டார்.

அத்தை, அப்பாவுக்கு ஒரே அக்கா. தாயில்லாத வீட்டில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு தெரு தள்ளி இருந்தவள் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. என் புருஷனுக்கு நாடு இல்லை என்ற வீட்டில் எனக்கு மட்டும் என்ன வேலை என்று மீன்காரம்மாவிடம் சொல்லியனுப்பினாள். அதைக் கேட்டுவிட்டு அப்பா சாப்பிடாமல் கை கழுவினார். போய் மன்னிப்புக் கேட்டால் என்ன என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். எந்த மூஞ்சியோடு போவது என்று அப்பா கேட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அத்தை இல்லாமல் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

தேர்தல் நாளன்று எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப்பதிவு. அம்மா பெண்கள் வரிசைக்குப் போய்விட, நான் அப்பாவுடன் ஒட்டிக்கொண்டேன். நல்ல வெயில். ஊர்ந்து ஊர்ந்து வகுப்பு வாசல் பக்கம் வந்துவிட்டோம். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே, தெருவில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்த இடத்துக்கு அப்பால், மாமாவின் மொபெட்டைப் பார்த்தேன். அத்தையை இறக்கிவிட்டு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். அத்தை இந்தியப் பிரஜையாகவே இருந்துவிட்டவள், அவளுக்கு ஓட்டு உண்டு. எங்களைப் பார்க்காத மாதிரி பெண்கள் வரிசைக்குப் போனாள்.

நான் ஒரே ஓட்டமாக மாமாவிடம் ஓடினேன். அப்பா சொன்னது பொய் என்று நிரூபிக்க அதைவிட நல்ல சமயம் ஏது?

"மாமா, வெரலக் காட்டுங்க."

இரண்டு கையையும் நீட்டினார். நகமெல்லாம் ஒட்ட வெட்டி, சுத்தமாக இருந்தது. மை இல்லை.

"நீங்க இன்னும் போடலியா?"

"எனக்கு இங்க பேரு இல்லம்மா."

"ஏன் இல்ல?"

"பிரெஞ்சுக்காரன் போனப்புறம், எந்த நாடு வேணும்னு கேட்டாங்க. எங்கப்பா பிரான்சுன்னு கையெழுத்து போட்டுட்டாரு. எனக்கு அப்ப நாலு வயசு."

"அப்ப ஞாயித்துக்கெழமையில போடுவீங்களே, அது?"

மாமா சிரித்தார். "அதுல நீ யாருன்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

என் ரேங்க் கார்டிலும் அப்பாதான் கையெழுத்துப் போடுகிறார், அதனால் எனக்கும் ஏதாவது போய்விடுமோ என்று நான் கவலைப்படத் தொடங்கியபோது, பின்னால் யாரோ, "அண்ணே, எடம் போயிடும்ணே" என்று கூப்பிடுவது கேட்டது. "போவட்டும்" என்றார் அப்பா. வகுப்பு வாசலை எட்டிவிட்ட மனிதர் வரிசையை விட்டுவிட்டு, கேட்டைத் தாண்டி, சுண்ணாம்புக்கோட்டைத் தாண்டி, மொபெட் பக்கம் வந்து நின்றார். வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"சொல்லுங்க மாமா, யாருக்குப் போடணும்?"

"என்னா மச்சான் இது."

"ஒங்க ஓட்டு. நான் போயி அழுத்திட்டு வரேன். சொல்லுங்க."

மாமாவுக்கு முகம் என்னவோ மாதிரி ஆனது. "மே நோன்" என்றார், ஆனால் கையை உதறவில்லை. அப்பா நகர்வதாக இல்லை. மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். போனை மறைப்பது போலவே இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு, அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். நான் இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு மாமா ரொட்டியோடு வந்தார். பின்னால் அத்தையும் வந்தாள், அப்பாவின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சோப்பு விளம்பரத்தில் சண்டை தொடங்கியது. கடைசியில் கேள்வி வந்தபோது மாமா நாற்காலியைத் திருப்பவில்லை. போனை அப்பாவிடம் நீட்டி, "நீ போடு மச்சான்" என்றார். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் அப்பா முழித்ததில் நேரம் முடிந்து, அந்த வாரம் டெல்லி தப்பித்தது.

பெரியவளான பிறகுதான் சில விஷயங்கள் பிடிபட்டன. பிரான்சில் தேர்தல் வந்தால் மாமா கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருக்கும் கோன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். அங்கே யார் நல்லவர், யார் கெட்டவர் என்று வாதாட அவருக்கு எங்கள் முதலியார்பேட்டையில் ஒரு ஆள் கிடையாது. ஓட்டு இருந்த இடத்தில் பேச்சு இல்லை, பேச்சு இருந்த இடத்தில் ஓட்டு இல்லை. அப்பா அன்றைக்கு அந்தப் பேச்சையும் பிடுங்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மில்லை எந்த ஆட்சியும் காப்பாற்றவில்லை. மாமாவும் இறந்துபோய்விட்டார். அவர் போன பிறகு ஒரு நாள் அத்தையிடம் கேட்டேன், தேர்தலன்று அப்பா காதில் என்ன சொன்னாராம் என்று. "ஒன் மில்லுக்கு எவன் நல்லது பண்ணுவான்னு தோணுதோ, அவனுக்கே போடுன்னாராம்" என்றாள்.

அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னாருதான். நான் கேக்கல. அத்தினி வருஷமா அவரு எந்தப் பக்கம் பேசினாரோ, அந்தப் பக்கம் அழுத்திட்டேன். அவரு ஓட்டில்லயா அது?"

"அவருகிட்ட சொன்னீங்களாப்பா?"

"எப்பிடி சொல்றது? ஓட்ட வெளிய சொல்லக் கூடாது."

விளம்பரம் வந்தது. அப்பா பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

அன்றைக்கு அந்த வரிசையின் கடைசியில் நின்றபோது எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? பசி வேறு, கால் சுடுகிறது வேறு. வாசல் வரை போன இடத்தை விட்டுவிட்டு வந்து இப்படி வெயிலில் நிற்கிறாரே, இந்த அப்பாவுக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்கிறதா என்று எரிச்சலோடு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றிருந்தேன்.