கறுப்புக் குதிரையின் முதல் வெற்றி

இதுவரை ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத குதிரைகளை மட்டும் சேர்த்து ஓடவிடுவார்கள். மெய்டன் ரேஸ் என்று பெயர். என் கணவர் அதில் மட்டும்தான் பணம் கட்டுவார். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தார்; வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பெங்களூரில் இருக்கும் தம்பியிடம் போனில் சொல்வார். அவர் மைதானத்துக்குப் போய்க் கட்டுவார்.

"ஜெயிச்ச குதிரைய எவனும் சொல்லிருவான் ஏட்டி. ஜெயிக்கப் போறதச் சொல்லணும்," என்பார்.

பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போன பிறகும் அந்த ஆசை போகவில்லை. போனைப் பார்த்து ஒவ்வொரு குதிரையாக நான் வாசிப்பேன். எவ்வளவு தூரம், எவ்வளவு எடை, ஜாக்கி யார், போன தடவை எத்தனையாவதாக வந்தது. பிடித்த குதிரை வந்ததும் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். கறுப்புப் பெண் குதிரை ஒன்றுக்கு எப்போதும் தட்டு விழும். பின்னால் கிடந்து, கடைசியில் பாய்ந்து வந்து, இரண்டாவதாகவே முடிக்கும் குதிரை அது. தோற்றதும் கோணிய வாயோடு அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அதுதான்.

மாசியில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது கண் விழித்திருந்தார். நாளாக ஆகச் சரியாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம்பினேன்.

ஒரு மத்தியானம் கொழுந்தனார் கூப்பிட்டார். "மதினி, அண்ணனோட குதிரை இன்னைக்கு ஓடுது. தூரமும் கூட்டியிருக்காக. கட்டவா?"

"கட்டுங்க தம்பி."

அவரைச் சாய்த்து உட்காரவைத்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். வழக்கம்போலப் பின்னால் கிடந்த குதிரை, திருப்பம் தாண்டியதும் ஒவ்வொன்றாக முந்திவந்து முதலாவதாக முடித்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

"ஏங்க, நம்ம குதிரை! ஜெயிச்சிருச்சுங்க!"

போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல, மரியாதையாக. அவர் இடது கையைப் பிடித்தேன். மெல்ல இழுத்துக்கொண்டார்.

கொழுந்தனார் மறுபடி கூப்பிட்டார். "அண்ணன் பாத்தாகளா மதினி?"

"பாத்தாக. ரொம்பச் சந்தோஷம் அவியளுக்கு," என்றேன்.

சித்திரையில் போய்விட்டார். கடைசிவரை நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குதிரை இப்போது பெரிய பந்தயங்களில் ஓடுகிறதாம். நான் பார்ப்பதில்லை.